முதல் சூப்பர்நோவா எச்சம்: நண்டா, வெய்லா, ஜெல்லிமீனா?

ரிஷபத்தின் கொம்பு நுனியில் இருக்கிற நண்டு நெபுலா ஒரு சூப்பர்நோவா எச்சம், அதாவது வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம். அதை முதல்முறை படம் எடுத்தபோது என்னிடம் இருந்தது 400 மி.மீ. குவியத்தூரம் உள்ள ஒரு சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்). இரண்டு மணி நேர எக்ஸ்போஷரைச் சேர்த்து, ஸ்டாக் செய்து (ஃபிரேம்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி), ஆசை ஆசையாய்ப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் விரல் பட்ட கறை மாதிரி ஏதோ ஒன்று. மவுண்டில் (டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோடு சுழற்றுவது) தப்பில்லை, கைடிங்கில் (நட்சத்திரத்தை விடாமல் தொடர வைக்கும் திருத்தம்) தப்பில்லை, ஃபோகஸ்கூடச் சரிதான். எதை எடுப்பது என்று தேர்ந்தெடுத்த இடத்தில்தான் கோட்டை விட்டிருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து அதே கருவியை அன்ன மண்டலத்துப் பக்கம் (சிக்னஸ்) திருப்பினேன். முதல் ஐந்து நிமிட ஃபிரேமிலேயே இழைகள் தெரிந்தன.

டெலஸ்கோப் எதை வாங்கலாம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கையில் இருக்கிற கருவிக்கு எந்த எச்சம் பொருந்தும், அதற்கு எத்தனை இரவு கொடுக்க முடியும் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அமெச்சூர்கள் அடிக்கடி எடுக்கும் எச்சங்கள் நான்குதான்: நண்டு, வெய்ல், ஜெல்லிமீன், ஸ்பகெட்டி. நான்கும் நட்சத்திரம் வெடித்த மிச்சம்தான், ஆனால் அளவிலும் வெளிச்சத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

நண்டு: பேர் பெரிசு, ஆள் சிறிசு

1054 ஜூலையில் சீன வானியலாளர்கள் ரிஷபத்தில் ஒரு புதிய நட்சத்திரத்தைப் பார்த்து எழுதி வைத்தார்கள், 23 நாட்கள் அது பகலிலேயே தெரிந்தது. அதன் எச்சம்தான் இது. பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே 1758-ல் வால்நட்சத்திரம் தேடும்போது இதில் இடறி, தன் பட்டியலில் முதல் எண்ணைக் கொடுத்ததால் எம்1. நடுவில் விநாடிக்குச் சுமார் 30 முறை சுழலும் பல்சார், அதாவது வெடித்த நட்சத்திரத்தின் மிஞ்சிய கரு வேறு. இவ்வளவு கதை இருந்தால் யாருக்குத்தான் முதலில் இதை எடுக்கத் தோன்றாது?

சிக்கல் அளவில்தான். நீளம் ஆறு ஆர்க் மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க் மினிட்), அகலம் நான்கு சொச்சம். முழுநிலா 30 ஆர்க் மினிட் என்பதால், நிலாவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. பிக்ஸலின் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, மி.மீ.-ல் உள்ள குவியத்தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்ஸலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்று கிடைக்கும். இன்று பரவலாக இருக்கும் 3.76 மைக்ரான் சென்சாரும் 400 மி.மீ. டெலஸ்கோப்பும் என்றால் ஏறக்குறைய 1.9. ஆறு ஆர்க் மினிட் என்பது 360 ஆர்க் செகண்ட், ஆக நண்டு முழுவதும் 190 பிக்ஸலுக்குள் அடங்கிவிடும். ஆறாயிரம் பிக்ஸல் அகலப் படத்தில் 190! என்னுடைய விரல் கறைக்கு விளக்கம் அவ்வளவுதான். 1000 மி.மீ.-க்குப் போனால் 460 பிக்ஸல், அங்கேதான் இழைகள் இழைகளாகத் தெரிய ஆரம்பிக்கும். 1500, 2000 என்று போகலாம், ஆனால் அதற்குள் வளிமண்டல அசைவு, அதாவது சீயிங், குறுக்கே வந்துவிடும். தவிர அந்த அளவில் கைடிங் பிழை அரை ஆர்க் செகண்ட் அளவில் நிற்க வேண்டும். சின்ன மவுண்டிடம் அதைக் கேட்பது பாவம்.

நண்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. சின்னப் பரப்பில் ஒளி குவிந்து கிடப்பதால் சீக்கிரம் பதிகிறது. நீளமான டெலஸ்கோப் இருந்தால் ஒரே இரவில், இரண்டு மூன்று மணி நேரத்தில், காட்டத் தகுந்த படம் வரும். நகர வெளிச்சத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஃபில்டர் விஷயத்தில் இது மற்ற மூன்றிலிருந்தும் வேறுபடுகிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. உள்ளே நீலமாகத் தெரிவது சிங்க்ரோட்ரான் ஒளி. பல்சார் தள்ளும் எலக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் வளைந்து ஓடும்போது வருவது, எல்லா அலைநீளத்திலும் பரவிக் கிடக்கும். குறுகிய ஒரு அலைநீளத்தை மட்டும் விடும் நேரோபேண்ட் ஃபில்டர் போட்டால் அதில் பெரும்பகுதி காணாமல் போய், வெளிக் கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அது விநாடிக்கு 1500 கி.மீ. வேகத்தில் விரிகிறது, நம்மை நோக்கி வரும் பக்கத்தின் ஒளி நீலத்துக்கும் விலகிப் போகும் பக்கத்தின் ஒளி சிவப்புக்கும் நகர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிரும் கோடான ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், அதில் 1500 கி.மீ. வேகத்துக்கான நகர்வு 3.3 நானோமீட்டர். 3 நானோமீட்டர் அகல ஃபில்டர் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒன்றரைதான் விடும், எனவே முன்னாலும் பின்னாலும் இருக்கும் வேகமான இழைகள் வெளியே நின்றுவிடும். மற்ற இலக்குகளில் "எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது" என்று நடப்பவர்கள் நண்டிடம் ஏமாறுவது இங்கேதான். ஃபில்டர் இல்லாமலோ அல்லது சாதாரண ஒளிமாசு ஃபில்டருடனோ எடுப்பதே மேல், நேரோபேண்ட் சேர்ப்பதானால் 7 நானோமீட்டர் அளவில் ஒன்று.

வெய்ல்: என் ஓட்டு இதற்குத்தான்

பெயரைத் தமிழில் எழுதினால் வெயில் போலத் தோன்றுகிறது, இது முகத்திரை. வில்லியம் ஹெர்ஷல் 1784-ல் கண்டது. முழு வளையத்துக்கு சிக்னஸ் லூப் என்று பெயர், விட்டம் ஏறக்குறைய மூன்று டிகிரி, அதாவது ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த அகலம். வெடித்துப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம், தூரம் சுமார் 2400 ஒளியாண்டு.

இதைச் சின்னக் கருவிக்காகவே செய்து வைத்தது போலிருக்கும். ஏபிஎஸ்-சி சென்சாரும் (பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் அளவு) 400 மி.மீ.-ம் சேர்ந்தால் புலம் 3.4 டிகிரிக்கு 2.2 டிகிரி. கிழக்குக் கை (என்ஜிசி 6992, 6995) தாராளமாக உட்காரும். மேற்குக் கையும் (என்ஜிசி 6960) அப்படியே, நடுவில் 52 சிக்னி நட்சத்திரம் பொட்டு வைத்தாற்போல் நிற்கும். வளையம் முழுவதும் ஒரே ஃபிரேமில் வேண்டுமென்றால் 250 மி.மீ. பக்கம் இறங்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். முதல்முறை செய்பவர் மொசைக்கில் கை வைக்காமல் ஒரு கையை மட்டும் எடுப்பது உடம்புக்கு நல்லது.

நான் இதைச் சிபாரிசு செய்ய முக்கியக் காரணம் நிறம். அதிர்வலை பழைய வாயுவில் மோதிச் சூடாக்கும்போது, சூடு அதிகமான பகுதியில் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் பச்சை கலந்த நீலமாக ஒளிர்கிறது, கொஞ்சம் ஆறிய பகுதியில் ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் படத்தில் சிவப்பு நூலும் நீல நூலும் முறுக்கின மாதிரி வருகிறது. நாம் இழை என்று நினைப்பவற்றில் பல உண்மையில் அலையலையான தகடுகள், அவற்றை விளிம்பு வழியாகப் பார்க்கிறோம். திரைச்சீலையில் மடிப்பு விழுந்த இடம் மட்டும் அடர்த்தியாகத் தெரிவது போல. இதனால் ப்ராசஸிங்கில் பெரிய வித்தை எதுவும் காட்ட வேண்டியதில்லை. சிவப்புக்கு ஹைட்ரஜன், பச்சைக்கும் நீலத்துக்கும் ஆக்சிஜன் என்று கொடுத்தால் நிறம் தானாக வந்து உட்காரும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பால்வீதியின் கும்பலுக்குள் இருப்பதால் நட்சத்திரங்கள் எள்ளைக் கொட்டினாற்போல் இருக்கும், ஸ்டார்நெட் மாதிரி ஒரு மென்பொருளை வைத்து நட்சத்திரங்களைத் தனியே பிரித்து, நெபுலாவை மட்டும் ஸ்ட்ரெட்ச் செய்து (மங்கலை வெளிச்சமாக்கி), பிறகு அடக்கமாகத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். 52 சிக்னியைச் சுற்றிச் சில ஃபில்டர்கள் போடும் ஒளிவட்டம் ஒரு தலைவலி. என்னுடைய முதல் ஃபில்டர் அங்கே ஒரு தட்டளவு வட்டத்தைப் போட்டது, அதை மறைக்க நான் செலவிட்ட நேரத்தில் இன்னொரு இரவு எடுத்திருக்கலாம். கிழக்குக் கையில் அவ்வளவு பிரகாசமான நட்சத்திரம் கிடையாது, ஃபில்டர்மேல் சந்தேகம் இருந்தால் கிழக்கிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று. இதே அன்ன மண்டலத்தில் கிரசண்ட் நெபுலா (என்ஜிசி 6888) இருக்கிறது, படத்தில் பார்க்க எச்சம் மாதிரியேதான் இருக்கும். அது எச்சம் இல்லை. உள்ளே இருக்கும் உல்ஃப்-ராயெட் நட்சத்திரம் இன்னும் வெடிக்கவே இல்லை, தன் காற்றால் ஊதி உருவாக்கிய கூடு அது.

ஜெல்லிமீனும் ஸ்பகெட்டியும்

ஜெல்லிமீன் (ஐசி 443) மிதுனத்தில், ஈட்டா ஜெமினோரம் நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குறுக்களவு 50 ஆர்க் மினிட் அளவில், 400 முதல் 700 மி.மீ. வரை எந்தக் கருவிக்கும் கச்சிதம். ஒரு பக்கம் வளைந்த குடை, மறுபக்கம் தொங்கும் கால்கள் என்று உருவத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம், தானே தெரியும். ஆனால் இதில் ஹைட்ரஜன் ராஜ்ஜியம், ஆக்சிஜன் மெலிசு. வெய்லுக்கு நான்கு மணி நேரம் போதுமென்றால் இதற்கு எட்டு, பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டா ஜெமினோரம் போடும் ஒளிவட்டத் தொல்லை இங்கேயும் உண்டு.

மோனோ கேமரா (கறுப்பு-வெள்ளையில் எடுத்து, நிறத்துக்கு ஃபில்டர் மாற்றுவது) வைத்திருப்பவர்களுக்கு ஜெல்லிமீன் இன்னும் சுவையாக இருக்கும், காரணம் கந்தகம். அதிர்வலையில் சூடான வாயு சல்ஃபர்-2 கோடுகளில் (671.6, 673.1 நானோமீட்டர்) நன்றாக ஒளிரும், சாதாரண ஹைட்ரஜன் மேகங்களில் அது பலவீனம். இந்த விகிதத்தை வைத்துத்தான் மற்ற கேலக்ஸிகளில் எது எச்சம், எது சாதாரண நெபுலா என்று வானியலாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே சாதாரண ஹைட்ரஜன் மேகமும் பரவிக் கிடப்பதால், அந்த வித்தியாசத்தை நம் படத்திலேயே பார்த்துவிடலாம்.

ஸ்பகெட்டி (சிமெய்ஸ் 147) பற்றி ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ரிஷபத்தின் ஒரு கொம்பு நுனியில் நண்டு, மறு கொம்பு நுனியான எல்நாத்துக்குப் பக்கத்தில் ஸ்பகெட்டி. ஒன்று சீக்கிரம் பதியும் குட்டி, மற்றது மூன்று டிகிரிக்குப் பரந்து கிடந்தும் கண்ணில் படாத பூதம். கிரிமியாவின் சிமெய்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1952-ல்தான் கண்டுபிடித்தார்கள் என்றால் எவ்வளவு மங்கல் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 135 மி.மீ. லென்ஸிலேயே அடங்கும், ஆகவே கருவி ஒரு தடையில்லை, மணி நேரம்தான் தடை. இருபது, முப்பது மணி நேரம் சேர்த்த பிறகும் "ஆக்சிஜன் இன்னும் கொஞ்சம் இருந்தால்" என்று மனசு அடித்துக்கொள்ளும். முதல் இலக்காக வேண்டவே வேண்டாம்.

தெற்கே இருப்பவர்களுக்கு வேலா எச்சம் உண்டு, எட்டு டிகிரி அகலம். அதன் நடுவரைவிலக்கம் (வானத்தின் அட்சரேகை மாதிரி) மைனஸ் 45, அதனால் வட அட்சம் 30-ல் அது தொடுவானத்திலிருந்து 15 டிகிரிக்கு மேல் எழும்பாது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலோ அதற்குத் தெற்கிலோ இருந்தால் 135 மி.மீ. லென்ஸுடன் தாராளமாக முயலலாம். காசியோபியா ஏ-வை ரேடியோவில் பார்த்தால் பிரமாதம், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சொற்பம், விடுங்கள்.

நிலா எங்கே நிற்கும் என்று பார்த்தீர்களா?

இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கோட்டை விட்ட இரண்டாவது விஷயம் இது. நண்டு, ஜெல்லிமீன், ஸ்பகெட்டி மூன்றும் ராசி மண்டலத்தில், நிலா நடக்கும் பாதையிலேயே இருக்கின்றன. மூன்றும் நள்ளிரவில் உச்சிக்கு வரும் காலம் டிசம்பரை ஒட்டி. ஒரு பொருள் நள்ளிரவில் உச்சியில் இருக்கிறது என்றால் அது சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிறது. முழுநிலாவும் சூரியனுக்கு எதிரேதான் இருக்கும். ஆக, இவை மிக நன்றாகத் தெரியும் மாதத்தில் முழுநிலா இவற்றின் தலைமேலேயே வந்து உட்காரும், முழுநிலாவை ஒட்டிய பத்து நாட்கள் போனது போனதுதான்.

வெய்ல் அந்தப் பாதையிலிருந்து 45 டிகிரிக்கும் மேல் வடக்கே தள்ளி இருக்கிறது. ஆகஸ்டை ஒட்டி அது உச்சிக்கு வரும்போது முழுநிலா தெற்கே மகரம், கும்பம் பக்கம் தாழ்வாக ஓடும், நேரோபேண்ட் ஃபில்டர் இருந்தால் ஹைட்ரஜனை நிலா நாளிலும் எடுக்கலாம். ஆக்சிஜனுக்கு மட்டும் நிலா இல்லாத இரவுகளை ஒதுக்கிவிடுங்கள், நிலவொளி வானத்தில் சிதறும்போது நீலப் பக்கம்தான் அதிகம் கெடும். வானம் தெளிவாக இருக்கும் இரவுகளே விரல் விட்டு எண்ணுகிற மாதிரி இருப்பவர்களுக்கு, மாதத்தில் நான்கைந்து இரவு கூடக் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

எந்த கேமரா வைத்திருக்கிறீர்கள்?

மாற்றம் செய்யாத சாதாரண டிஎஸ்எல்ஆர் என்றால், உள்ளே இருக்கும் ஃபில்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், கால் பங்கு வந்தால் பெரிய விஷயம். ஆக்சிஜன் மட்டும் ஒழுங்காக வரும். இந்த கேமராவை ஜெல்லிமீனிடம் கொண்டுபோனால் அழுகைதான். வெய்லிடம் கொண்டுபோனால் சிவப்பு குறைந்து நீலம் தூக்கலாக, அதுவும் ஒரு அழகாக வரும். நண்டிலும் ஏமாற்றம் குறைவு.

குளிரூட்டும் கலர் கேமராவும் டூயல் நேரோபேண்ட் ஃபில்டரும் (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து விடுவது), அல்லது மோனோ கேமராவும் தனித்தனி ஃபில்டர்களும் என்ற சண்டை ஓயாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் பத்து மணி நேரம். மோனோவில் ஐந்து மணி ஹைட்ரஜன், ஐந்து மணி ஆக்சிஜன், எல்லாப் பிக்ஸலும் வேலை செய்யும். கலரில் பத்து மணி நேரமும் இரண்டும் சேர்ந்தே பதியும், ஆனால் ஹைட்ரஜனைப் பிடிப்பது நான்கில் ஒன்றான சிவப்புப் பிக்ஸல் மட்டும், ஆக இரண்டரை மணிக்குச் சமம். ஆக்சிஜனைப் பச்சை இரண்டும் நீலம் ஒன்றும் பிடிப்பதால் ஏழரை மணிக்குச் சமம். நடைமுறையில் பிக்ஸல் மேலுள்ள நிறச் சில்லுகள் கொஞ்சம் விழுங்கிவிடும், ஏழரை முழுசாக வராது. இருந்தாலும் ஆக்சிஜன் வலுவாக உள்ள வெய்லுக்குக் கலர் கேமரா தோற்கவில்லை என்பது தெளிவு. ஹைட்ரஜனே பிரதானமான ஜெல்லிமீனில் மோனோ இரண்டு மடங்கு முன்னால் நிற்கிறது, கந்தகம் வேறு தனியாகக் கிடைக்கிறது.

இதில் வராத ஒன்று: பாதி இரவில் மேகம் வந்தால், கலர் வைத்திருப்பவரிடம் எடுத்த வரைக்கும் முழுப் படம் இருக்கும். மோனோக்காரரிடம் ஹைட்ரஜன் மட்டும் இருக்கும், ஆக்சிஜனுக்கு அடுத்த தெளிவான வானத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டும். நான் கலரிலேயே நின்றதற்குக் காரணம் இதுதான், கணக்கு இல்லை. கலர் ஃபிரேம்களிலிருந்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துத் தரும் ஸ்கிரிப்ட் இலவச மென்பொருளான சிரிலிலேயே இருக்கிறது, முதல் வருடத்துக்கு அது போதும்.

மணி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாக் செய்யும்போது தரம் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் கூடுகிறது, இரட்டிப்பாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு எடுக்க வேண்டும். நான்கு மணி நேரப் படத்தை ஐந்தாக்குவதில் பெரிதாக எதுவும் தெரியாது, பதினாறு ஆக்கினால் தெரியும். ஒரே சீசனில் நான்கு இலக்கைத் தலைக்கு நான்கு மணி எடுப்பதா, ஒன்றையே பதினாறு மணி எடுப்பதா என்றால் நான் இரண்டாவது பக்கம். முதல் பக்கம் போனவன் என்கிற முறையில் சொல்கிறேன், என் பழைய ஹார்ட் டிஸ்க் முழுக்க அரைகுறைகள்.

சரி, முடிவுக்கு வருவோம். 500 மி.மீ.-க்குக் கீழே கருவி, எந்த கேமராவாக இருந்தாலும்: வெய்லின் கிழக்குக் கை, டூயல் நேரோபேண்ட் (மோனோ என்றால் தனித்தனி ஃபில்டர்கள்), குறைந்தது மூன்று இரவு. அந்த சீசன் தவறிப்போய் டிசம்பரில் கை அரிக்கிறது என்றால், கேமரா ஹைட்ரஜனைப் பிடிக்குமானால் ஜெல்லிமீன். பிடிக்காது என்றால் பொறுத்திருங்கள், அல்லது 800 மி.மீ.-க்கு மேலே ஏதாவது இரவல் கிடைக்குமா பாருங்கள். நீளமான டெலஸ்கோப்தான் இருக்கிறது, மவுண்டும் திடமானது என்றால் நண்டு, ஃபில்டர் இல்லாமல், நிலா இல்லாத ஒரே இரவில். ஸ்பகெட்டியை இரண்டாம் மூன்றாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்டை இவ்வளவு குறை சொல்லியும், இப்போது 1000 மி.மீ. டெலஸ்கோப் வந்த பிறகு வருடத்துக்கு ஒரு இரவு அதற்கென்று ஒதுக்குகிறேன். விநாடிக்கு 1500 கி.மீ. வேகமும் 6500 ஒளியாண்டு தூரமும் சேர்ந்தால் அதன் விளிம்பு வானத்தில் ஆண்டுக்கு 0.15 ஆர்க் செகண்ட் அளவு நகர்கிறது, பத்து ஆண்டில் ஒன்றரை. என் கருவியில் அது இரண்டு பிக்ஸல். பத்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் இழைகள் வெளியே நகர்வது தெரியும், அமெச்சூர்கள் சிலர் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். பழைய 400 மி.மீ. விரல் கறையையும் நான் அழிக்கவில்லை. அந்தக் கருவியில் பத்து வருட நகர்வு ஒரு பிக்ஸலுக்கும் குறைவு என்பதால் ஒப்பிட உதவாது என்று தெரிந்தும், முதல் ஃபைலாக அந்த ஃபோல்டரிலேயே கிடக்கிறது.